எங்கள் பெற்றோலில் தண்ணீர் கலந்த ஆள்

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வெகு நேரமாகியும் என் கணவரின் போட் கரைக்கு வரவில்லை. யுத்த காலம். இருட்ட முன் கரையேறாத போட்டைக் கடலில் காவல் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னர்தான், பாண்டிருப்புத் தமிழர் செல்வம் தன் போட்டில் கயிறு கட்டி அவரை இழுத்து வந்து சேர்த்தார். அந்த மாதத்தில் எங்கள் இஞ்சின் நடுவில் நின்றது அது மூன்றாவது தடவை.

எங்கள் பழைய தோணியையும் வலையும் கேனும் வைக்கும் கரையோரக் குடிசையான வாடியையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. உதவிக்கு வந்தவர்கள் புதுப் போட்டும் நாலு ஸ்ட்ரோக் இஞ்சினும் தந்தார்கள். புது இஞ்சின் நடுக்கடலில் ஏன் நிற்க வேண்டும்? என் கணவர் தாங்கியின் அடியிலிருந்த பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தார். கீழே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வேறாகத் தெரிந்தது.

"யாரோ ஊத்திரிக்காங்க," என்றார்.

செல்வத்தின் பெயரை முதலில் சொன்னது நான். அவருடைய போட் எங்கள் போட்டுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். இஞ்சின் வேலை தெரிந்தவர். எங்கள் இஞ்சினை அவர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றதை ஒருநாள் கண்டேன். இழுத்து வந்ததையும் நான் நல்லதாக எடுக்கவில்லை. தானே கெடுத்து, தானே காப்பாற்றி, நல்ல பேர் எடுக்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

என் காக்காவிடம், மூத்த சகோதரரிடம், சொன்னேன். "நாளைக்குக் காலையில ஆமிக் கேம்புல ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் தங்கச்சி. பிறகு அவன் இந்தப் பக்கம் வரமாட்டான்," என்றார். அந்த நாளில் ஒரு தமிழ் ஆளைப் பற்றி அங்கே சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரைத் தடுக்கவில்லை.

ஆனால் நெஞ்சு அடங்கவில்லை. மறுநாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டு அழுது கேட்டேன். "யா அல்லாஹ், செய்த ஆளை என் கண்ணுக்குக் காட்டித் தா."

பிறகு, பெற்றோல் வாங்கும் கேனை எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். வாடி இல்லாததால் வெறும் கேன் பின்னேரம் வீட்டுக்கு வரும். சுனாமிக்குப் பிறகு உப்பும் மணலும் வீட்டுக்குள் வந்தால் எனக்குத் தாங்காது. அதனால் கேனை உள்ளும் புறமும் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேன். விடியும்போது காய்ந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அன்று நிமிர்த்தியபோது உள்ளே களக் என்றது. கையில் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர். அந்தக் கேனின் கைப்பிடியும் உள்ளே வெறுமை. கவிழ்த்து வைத்தால் தண்ணீர் அதற்குள் போய் நின்றுகொள்ளும்.

நான் கேட்ட ஆளை அல்லாஹ் காட்டிவிட்டான்.

காக்கா அதற்குள் கேம்புக்குச் சைக்கிளில் புறப்பட்டுவிட்டார். தனியாகத் தெருவில் இறங்காத நான், கேனோடு ஓடினேன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவர் நின்றார். அத்தனை ஆண்களுக்கு முன்னால், "காக்கா, போகாதீங்க. தண்ணி ஊத்தினது நான்தான்," என்றேன். யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, "தொழ முன் கை கால் கழுவுற மாதிரி, என்ட இஞ்சினுக்கும் உளூ எடுத்துக் குடுத்திரிக்காய்," என்றார் என் கணவர்.

செல்வத்திடம் நானே உண்மையைச் சொன்னேன். "ஓம் அக்கா, எனக்கும் விளங்கினதுதான். நீங்க பார்த்த பார்வையிலயே இஞ்சின் நிண்டிரிக்கும்," என்றார். பிறகு காபரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதிலுள்ள துவாரங்கள் ஊசிமுனை அளவுதான்; ஒரு துளித் தண்ணீரும் பழைய பெற்றோலின் பிசினும் போதும், அடைத்துவிடும். கேனைக் கழுவாமல் காய்ந்த துணியால் துடைக்கச் சொன்னார். தாங்கியை நிரப்பியே வைக்க வேண்டுமாம், பாதியாக இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் பிடிக்கும். கடலுக்குப் போகாத நாட்கள் நீண்டால் காபரேட்டரில் நிற்கும் பெற்றோலை வடித்துவிடவும், நாள்பட்டதை ஊற்றாமல் இருக்கவும் சொன்னார். இன்றுவரை அப்படியே செய்கிறோம். யுத்தமும் முடிந்தது. அந்த இஞ்சின் பிறகு ஒருநாளும் கடலில் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் அதை வாயால் சொல்ல முன் அல்லாஹ்விடம் கேளுங்கள். அவன் காட்டுவான். காட்டுவது உங்களையே என்றாலும் வெட்கப்பட்டு நிற்காதீர்கள், ஓடிப்போய்ச் சொல்லுங்கள். காக்கா அன்று தேத்தண்ணி குடிக்க நின்றிராவிட்டால் எனக்கு ஓட நேரம் இருந்திருக்காது. அந்த நேரத்தைத் தந்தவனுக்கு நான் இன்னும் ஷுக்ர் செய்துகொண்டிருக்கிறேன்.