பீப்பாய்க்குள் வளர்ந்த முடி

காவிரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், நடுவில் ஸ்ரீரங்கம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் குடிதண்ணீரைப் பீப்பாயில் அடைத்து, பீப்பாயைப் படகில் ஏற்றி, அந்தப் படகை ஆற்றின் மேலேயே கொண்டு போனான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். முதல் நாள் நானும் சிரித்தேன். புதுவெள்ளம் வந்த ஆறு செங்கல் சூளையைக் கழுவிவிட்டது போல ஓடும். அதைக் குடித்தால் வயிறும் அதே வேகத்தில் ஓடும். அதற்குத்தான் பீப்பாய்.

ஐம்பதுகளின் கடைசி அது. கொள்ளிடக் கரை அரிக்கும் இடங்களில் கல் கொட்டும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். வீட்டில் ‘சூப்பர்வைசர்’ என்று சொல்லி வைத்திருந்தேன். படகில் உட்கார்ந்து, ஏற்றிய கல் கல்லாகவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. நீந்தத் தெரியாது. கல்யாணம் ஆவதற்கு முன்பே முன்தலை காலியாகிக்கொண்டிருந்தது. தூரத்தில் உச்சி கட்டாமல் நின்ற மொட்டைக் கோபுரத்துக்கும் எனக்கும் மேல்பகுதியில் ஒரே குறை என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட அது கொஞ்சம் கௌரவம்.

படகில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் சமையல்காரர், மருங்காபுரிப் பக்கத்து ஆள். அவர் ஊரில் ஒரு குடம் தண்ணீரைப் பார்த்தாலே கும்பிடுவார்கள். அவரைக் கொண்டுவந்து வெள்ளத்தின் நடுவில் உட்கார வைத்திருந்தோம். இன்னொருவர் படகுக்காரர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கறுத்து, ஒடிசலாக, கம்பு ஊன்றினால் ஆறே நகருகிற மாதிரி இருப்பார். போன வருஷம் வரை அவர் மனைவியும் படகில்தான் இருந்தார். சமையல், தண்ணீர் எல்லாம் அந்த அண்ணிதான். கார்த்திகையில் காய்ச்சல் வந்தது, போய்விட்டார். சாம்பலை இதே கொள்ளிடத்தில்தான் கரைத்தார்கள்.

படகு மூலையில் ஒரு எலிப்பொறி இருந்தது. அண்ணனுடைய புதுக் கட்டம் போட்ட துண்டின் ஒரு மூலையை எலி கடித்துவிட்டதாக அண்ணி சொன்ன நாளிலிருந்து அவர் அதில் தேங்காய்ச் சில்லு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு எலிகூட மாட்டியதில்லை.

“சில்லு வீணாப் போவுதுண்ணே. சட்னிக்காவது ஆவும்,” என்பார் சமையல்காரர்.

“மாட்டும்யா. எங்க போயிடும்?” என்று மூலை போன அதே துண்டைத் தலையில் கட்டிக்கொள்வார் அண்ணன்.

அந்த முறை கல்லோடு போய், ஆற்றின் நடுவில் நாணல் மண்டிய திட்டு ஒன்றில் படகைக் கட்டினோம். கல் இறக்கும் ஆட்கள் கரைவழியாக வருவதாக ஏற்பாடு. வெள்ளம் கரைப்பாதையை வெட்டிவிட்டது, ஆள் வரவில்லை. எதிர்க்கரையில் சுடுகாடு. மழைக்கு நடுவிலும் அங்கே எப்போதும் ஒரு புகை, கலையாமல், வந்து சேராத யாருக்கோ காத்திருப்பது போல நின்றுகொண்டிருக்கும்.

பீப்பாயைத் திறந்தபோதுதான் நாற்றம் தெரிந்தது. முதலில் அழுகின முட்டை. அப்புறம் அதற்குள்ளிருந்து வேறொன்று, மூடிக்கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. இந்த சீசன் தொடக்கத்தில் அந்தப் பீப்பாயில் வெந்நீர் ஊற்றி உருட்டிக் கழுவியதை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே சின்னத் துளை, கீழே பித்தளைக் குழாய், அவ்வளவுதான். கைகூட நுழையாது. உள்ளே இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

“அண்ணி இருந்தப்ப இந்தத் தண்ணி எப்படி மணக்கும்!” என்றேன், சும்மா இருக்காமல்.

“என்ன பண்ணுறேன்னு கேட்டா என் கைராசின்னு சொல்லிச் சிரிப்பா,” என்றார் அண்ணன். ஒரு டம்ளர் பிடித்தார். நிதானமாகக் குடித்தார்.

“அண்ணே, அது செத்த நாத்தம் அடிக்குது. கொட்டிடலாங்க,” என்றார் சமையல்காரர்.

“அவ கை பட்ட பீப்பா. யாரும் தொடக்கூடாது.”

நாங்கள் இருவரும் ஆற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தோம். அவர் பீப்பாயை விடவில்லை. மறுநாளே அவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் கம்பைப் பிடிக்கும்போது கை நடுங்கியது. வெள்ளமோ ஏறிக்கொண்டே இருந்தது. திட்டு முழுகுவதற்கு முன் படகை அவர்தான் அவிழ்த்து ஓட்ட வேண்டும். எங்கள் இருவருக்கும் கம்பில் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்பதே சந்தேகம். அவர் படுத்துவிட்டால் முதலில் அவர், பின்னாலேயே நாங்கள்.

மத்தியான வேளையில் காற்று நின்றுவிடும். வெள்ளம் சத்தமில்லாமல் போகும். அவ்வளவு பெரிய தண்ணீர் அவ்வளவு அமைதியாகப் போவதுதான் பயம். அப்போது பீப்பாய்க்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் கழித்து மறுபடி. உள்ளே யாரோ விரலை மடக்கித் தட்டுவது போல.

“மரம் ஊறுதுங்க,” என்றேன் சமையல்காரரிடம்.

“அப்ப ஏன் சார் என் தோளைப் புடிச்சிருக்கீங்க?”

பார்த்தேன். பிடித்துத்தான் இருந்தேன்.

“எங்க ஊர்ல பேய் புளியமரத்துல இருக்குங்க,” என்றார் அவர். “கல்லால அடிக்கலாம். இது தண்ணிக்குள்ள இருக்கே, எங்க அடிக்கிறது?”

“படகு நிறையக் கல்லு இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க,” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது சிரிப்பாகக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் குழாயைத் திருகினார். தண்ணீர் சொட்டிச் சொட்டி நின்றது. குழாய் வாயில் கறுப்பாக ஏதோ தொங்கியது. அவர் மெல்ல இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. முழ நீளத்துக்கு ஒரு முடி. அதன் பின்னால் இன்னொன்று. சமையல்காரர் கையிலிருந்த டம்ளர் ஆற்றோடு போயிற்று.

அண்ணன் பயப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. முடியை விரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொண்டார்.

“அவ முடி இப்படித்தான் தம்பி. நல்ல நீளம்,” என்றார். அப்புறம் பீப்பாயில் கன்னத்தை வைத்து, “வந்துட்டியா?” என்று கேட்டார்.

டொக்.

நான் கல் குவியலுக்குப் பின்னால் எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது.

காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கண் குழிந்துபோய், உதடு வெடித்து, அப்போதும் பீப்பாயைத்தான் காட்டினார். “அதுலேர்ந்து ஒரு வாய் குடு.” திட்டில் நாணலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. காய்ச்சின தண்ணீர் டம்ளரோடு நான் குனிந்தபோது அவர் விரல் என் மூக்குக்கு நேரே வந்தது. முடி காய்ந்திருந்தது.

மற்ற எதில் நான் முட்டாளாக இருந்தாலும் முடி விஷயத்தில் அந்த வட்டாரத்திலேயே என்னைவிடக் கவனமான ஆள் கிடையாது. தினம் காலையில் சீப்பில் வருவதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துத் துக்கம் கொண்டாடுபவன் நான். அவர் விரலில் இருந்ததில் நடுவே ஒரு கிளை பிரிந்திருந்தது. அதிலிருந்து இன்னொரு குட்டிக் கிளை. முடி உதிரும், நரைக்கும், நுனி பிளக்கும், ஓடிப்போகும். கிளை விட்டு நான் பார்த்ததில்லை. கிளை விடுமானால் எனக்கு இவ்வளவு கவலையே இருந்திருக்காது.

“அண்ணே, இது முடி இல்ல. வேரு.”

“போடா மொட்டை,” என்றார். அதுவரை ஒருநாளும் அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை.

“வெட்டிவேருண்ணே. வாசத்துக்கு மண்பானையில போடுவாங்கல்ல, அது. அண்ணி இதுக்குள்ள போட்டிருக்காங்க. பானைன்னா எடுத்து வெயில்ல காய வைக்கலாம். இது மூடிக்கிடந்து அழுகிடுச்சு.”

“அவ எங்கிட்டச் சொல்லாம எதுவும் செய்யமாட்டா.”

“கைராசின்னு சொன்னாங்கல்ல?”

அவர் விரலில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளம் படகின் அடியில் உரசிக்கொண்டு போயிற்று. நான் வேறு வழி தெரியாமல், “உங்களுக்குன்னு உள்ள என்னவோ வச்சிட்டுப் போயிருக்காங்க. அது என்னன்னு பாக்கவேணாமா?” என்றேன்.

பீப்பாயை ஒருமுறை தடவினார். பிறகு கல் உடைக்கும் சம்மட்டியைக் கேட்டார். தூக்க முடியாமல் தூக்கி, இரும்பு வளையத்தின் மேல் அவரே அடித்தார். மூன்றாவது அடியில் வளையம் கழன்றது. பலகைகள் பூ விரிவது போல விரிந்து, கறுப்புத் தண்ணீர் எங்கள் கால்மேல் கொட்டியது. அந்த நாற்றத்துக்குச் சமையல்காரர் மருங்காபுரி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

நடுவில் பூனைக்குட்டி அளவுக்கு ஒரு மூட்டை கிடந்தது. துளை வழியாக ஒல்லியாக நுழைந்தது உள்ளே போய் ஊதிவிட்டது. அப்புறம் எந்த வெந்நீருக்கும் வெளியே வரவில்லை. வேரெல்லாம் பிசுபிசுவென்று, பக்கவாட்டில் பிய்ந்து, உண்மையிலேயே ஒரு பெண்ணின் தலை போலத்தான் இருந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த துணி மட்டும் முழுசாக இருந்தது. அண்ணன் அதை அவிழ்த்து ஆற்றில் அலசினார். கட்டம் போட்ட துணி.

தலையில் இருந்த துண்டைக் கழற்றி, எலி கடித்ததாக அண்ணி சொன்ன மூலையில் அந்தத் துணியை வைத்துப் பார்த்தார். கோட்டோடு கோடு சேர்ந்தது.

முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். பிறகு எங்கள் பானையைக் காட்டி, “அந்தக் காய்ச்சின தண்ணியக் குடுங்கடா,” என்றார். இரண்டு செம்பு குடித்தார். ஒரு வாய் கஞ்சியும் உள்ளே போயிற்று. உச்சிவேளைக்குள், நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ள, அவர் எழுந்து நின்று கம்பைப் பிடித்தார்.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், சாம்பல் கரைத்த அந்த ஆற்றைப் பார்த்து ஓங்கிக் கத்தினார்.

“கண்டுபுடிச்சிட்டேன்டி உன் எலிய!”

காற்று நின்றிருந்தது. வெள்ளம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால், டொக்.

பீப்பாய் இல்லை, பலகையாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தோம். எலிப்பொறி மூடிக்கொண்டிருந்தது. உள்ளே எலி இல்லை. தேங்காய்ச் சில்லு வைத்தது வைத்தபடி இருந்தது.

சம்மட்டி அடித்ததில் கம்பி தளர்ந்து, படகு ஆடினதும் விழுந்திருக்கும் என்று சமையல்காரருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஏனென்றால் நான் அப்போது கல் குவியலின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன்.