வெளிச்சுவரை உள்ளே கொண்டுவரப் போன பயணம்

கோட்டைச் சுவர் கட்டப் படையெடுத்த பேரரசர்கள் பலர் உண்டு. கட்டாதே என்று படையெடுத்தவன் மூவுலகிலும் நான் ஒருவன்தான். படைபலம்: நானும் என் அக்கா மகள் கல்பனாவும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அதிகாரிகள் குறை கேட்கும் நாளாகப் பார்த்துக் கிளம்பினோம்.

விஷயம் இதுதான். ஆந்திராவில் புத்தூர் பக்கம் எங்கள் ஊர் அரசுத் தமிழ்ப் பள்ளிக்கு இருப்பது ஒரே நீளக் கூடம். இந்த முனையில் ஒன்றும் இரண்டும், அந்த முனையில் நாலும் ஐந்தும். நடுவில் மூன்றாம் வகுப்பு, காற்றடிக்கிற பக்கம் சாயும். ஒன்றாம் வகுப்பு "அம்மா, ஆடு" என்று கத்தினால் திருத்தணியில் கோயில் மணி தானாக அடிக்கும். அந்த இரைச்சலில் கல்பனாவின் மகளுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஏறவே இல்லை. இந்த நேரத்தில் அரசாங்கம் பள்ளிக்குப் பணம் ஒதுக்கியது. எதற்கு? சுற்றுச்சுவருக்கு! புதன்கிழமை வேலை ஆரம்பம். பணம் வெளியே போய்விட்டால் மகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை, விசைத்தறிக் கூலியில் பாதி அதற்கே போகும் என்றாள் கல்பனா. பெற்றோர் கமிட்டித் தலைவியும் அவள்தான்.

காலை 6.10க்குப் புத்தூரில் சித்தூர் பஸ். சுமார் அறுபது கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். பெண்களுக்கு இலவசம், ஆதார் அட்டையை மறக்காதீர்கள். "காசு குடுத்து வர்றவரு நீங்கதான் மாமா, ஜன்னலோரம் குந்துங்க" என்று எனக்கு ராஜமரியாதை செய்தாள்.

சித்தூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற அம்மாள் எங்கள் மண்டலத்தின், அதாவது தாலுகாவின், பெயரைப் பார்த்தார். "புத்தூரா? மீதி திருப்பதி ஜில்லா கதா?" என்றார், உங்களுடையது திருப்பதி ஜில்லா ஆயிற்றே என்று. ஜில்லாவைப் பிரித்துச் சில வருஷம் ஆகிறது. ஆனால் மனு என்றாலே சித்தூர்ப் பக்கம் திரும்புகிற கால்கள் எங்களுடையவை.

"ஜில்லா மாறினத உங்ககிட்ட சொல்லலியா மாமா?"

"என்னைக் கேட்காமல் பிரித்துவிட்டார்கள்."

"பேசிக்கினே நின்னா அங்க எழுந்து பூடுவாங்க. நடங்க."

நின்றுகொண்டே இட்லியை விழுங்கிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினோம். எழுபது கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் இருக்கிற திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். "தாயார் தரிசனமா?" என்றார் ஆட்டோக்காரர். "இன்ஜினியர் தரிசனம்" என்றாள் கல்பனா.

பள்ளிக் கட்டட வேலைகளைப் பார்க்கிற அந்த இன்ஜினியர் நல்ல மனிதர், சட்டமும் தெரிந்தவர். "காம்பவுண்டுக்குன்னு சேங்ஷன் ஆயிபோயிந்தி அம்மா. மாத்தறது கஷ்டம். சுவர் இல்லன்னா ஆடு மாடு உள்ள வரும்."

"ஆடு வந்தா ஓட்டிருவோம் சார். ஒண்ணாங்கிளாஸ் சத்தத்த எங்க ஓட்டறது? அந்தச் சுவர உள்ள வெச்சிக் கூடத்த ரெண்டாக்குங்க, போதும்."

அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். கல்பனா என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க ஒண்ணாங்கிளாஸ். ஆரம்பிங்க."

என் குரலைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஒருமுறை தும்மியபோது தடா எல்லையில் லாரிகள் ஓரங்கட்டின. அந்தக் குரலில் "அ... அம்மா! ஆ... ஆடு!" என்று தொடங்கினேன். மறுபக்கம் கல்பனா நிதானமாக ஒரு கணக்குச் சொன்னாள்: ஒரு தறியில் ஒரு நாளைக்கு ஏழு புடவை, எட்டுத் தறி, மூணு நாள், மொத்தம் எத்தனை?

"யாபை ஆறு..." என்று ஏழெட்டு ஐம்பத்தாறைத் தெலுங்கில் தொடங்கிய இன்ஜினியர் என் "இலை"யில் தடுக்கி விழுந்தார். "ஈ" வந்ததும் காதைப் பொத்தினார். "ஆபண்டி! நிறுத்துங்க சார்!"

"ரெண்டு நிமிஷம்கூட ஆவல சார்" என்றாள் கல்பனா. "நாள் பூரா தறிச் சத்தத்துல நிக்கறவ நானு. சத்தத்துல கை வேல செய்யும். புதுசா ஒண்ணு தலைக்குள்ள போவாது."

அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துப் புதன்கிழமை வேலையை நிறுத்தச் சொன்னார். "கமிட்டித் தீர்மானம் போடுங்கம்மா. வியாழக்கிழமை வந்து பார்த்துட்டு மேல எழுதறேன். அங்க என்ன சொல்வாங்களோ, கேரண்டி இல்ல."

வந்தார். கூடத்தின் நடுவில் கால்மணி நேரம் நின்றார். இரண்டு வாரத்தில் மேலிருந்து சம்மதம் வந்தது: உள்ளே ஒரு தடுப்புச் சுவர், மிச்சப் பணத்துக்கு முன்பக்கம் மட்டும் வெளிச்சுவர். தடுப்பு எழும்பிவிட்டது, கல்பனாவின் மகள் இந்தப் பள்ளியிலேயே இருக்கிறாள். கணக்கு தப்பாக வந்தால் இப்போது அது அவளுடைய சொந்தத் தப்பு.

பள்ளிகளுக்குப் பணம் வரத்தான் செய்கிறது. ரோட்டில் போகிற ஜீப்புக்குத் தெரிகிற வேலைக்கு அது முதலில் போகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எது முதலில் வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால்: மண்டலம் எந்த ஜில்லா என்று முதலில் பாருங்கள். பதினோரு மணிக்குள் போய்ச் சேருங்கள். மனுவோடு பெற்றோர் ஒருவரை அழைத்துப் போங்கள். என்னைப் போன்ற பெரிய மனிதர்கள் சத்தம் போட மட்டும் உதவுவோம். அதிகாரி பள்ளிக்கு வருகிற நாளில் பிள்ளைகளை அமைதியாக உட்காரவைத்துவிடாதீர்கள். பாடம் நடக்கட்டும். மேலிருந்து சம்மதம் வருவதற்குள் வெளிச்சுவருக்கு மணல் லாரி வந்து நின்றால், யாராவது ஒருவர் லாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருங்கள். எங்கள் ஊரில் அந்த நாற்காலி எனக்குத்தான்.