நாற்பதாயிரம் பேரில் ஒருவன்

சரித்திரப் படத்துக்குப் போனால் இடைவேளைக்குள் எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்துவிடும். அவளுக்குக் கோட்டை சரிய வேண்டும், யானை பிளிற வேண்டும், கதாநாயகன் ஒரு வீச்சில் பத்துப் பேரைச் சாய்க்க வேண்டும். எனக்கோ அந்தப் பத்துப் பேர் மேல்தான் கண். எவனுக்கும் வேர்க்காது, எவனுக்கும் செருப்பு கடிக்காது. மனிதனே இல்லாமல் என்ன போர் என்று எரிச்சலாக வரும்.

"இத்தனை பேர்ல ஒருத்தனுக்காவது தண்ணி தவிக்க வேண்டாமா?" என்பேன்.

"தண்ணி தவிக்கிறதப் பாக்க டிக்கெட் எதுக்குங்க? நம்ம தக்காளிக் காட்டுலயே பாக்கலாமே" என்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் காரிமங்கலம் பக்கம் ஒரு கரட்டு மலையடியில் படப்பிடிப்பு வந்தது. சிப்பாயாக நிற்க ஆள் வேண்டுமென்றார்கள். நிஜமான சிப்பாய் எப்படி இருப்பான் என்று காட்டுகிறேன் பார் என்று மனைவியிடம் சவால் விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். அவள் அன்றைக்கே கம்பைநல்லூரிலிருக்கும் பிறந்த வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். திரையில் நான் தெரியாவிட்டால் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது என்ற நிலைமை.

நாங்கள் நாற்பது பேர். எல்லோரும் தக்காளியும் ராகியும் போடுகிறவர்கள். கதிர் பிடித்து நின்ற ஒரு ராகிக் காட்டை நிலத்துக்காரரிடம் பேசி வாங்கியிருந்தார்கள். கத்திக்கொண்டே அதற்குள் புகுந்து ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்‌ஷன் என்றதும் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஆவேசமாக ஓடினோம். காட்டோரம் வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லோரும் வரப்பில் ஏறி, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் போனோம்.

"சண்டைக்குப் போறீங்களா, ரேஷன் கடைக்குப் போறீங்களா?" என்று டைரக்டர் மைக்கில் கத்தினார். இரண்டாவது தடவையும் வரப்பில்தான் ஏறினோம். கடைசியில் நிலத்துக்காரரே வந்து, "மிதிங்க சாமி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே இறங்கினோம். கதாநாயகன் ஒரு வீச்சு வீசினார். எட்டுப் பேர் சாக வேண்டும், அதில் நானும் ஒருவன். விழப் போகும்போது கீழே பார்த்தேன். நல்ல முற்றின கதிர். கால் தானாக ஒதுங்கி, பயிர் இல்லாத சொட்டையில் போய்ப் படுத்துவிட்டேன்.

"யோவ், செத்தவன் எடம் பாத்தா விழுவான்?" என்றார் உதவி டைரக்டர். வெயில் இறங்கிவிட்டதால் மறுபடி எடுக்கவில்லை. என்னை வெட்டித் தள்ளிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

படம் வந்ததும் தர்மபுரி தியேட்டரில் மாமியார், மச்சான், அவர் பிள்ளைகள் என்று ஒரு வரிசையையே பிடித்து உட்கார்ந்தோம். போர் வந்தது. நாற்பது பேர் நாற்பதாயிரமாகியிருந்தோம். ராகிக் காட்டுக்குப் பின்னால் ஒரு கோட்டை முளைத்திருந்தது. நான் கண்ணாலும் பார்க்காத யானைகள் வந்தன. பொய் சொல்லக் கூடாது, எனக்கே புல்லரித்தது. கதாநாயகன் வீசினார். ஏழு பேர் பறந்து போய் விழ, ஓரத்தில் ஒருவன் மட்டும் நாசூக்காக ஒதுங்கிப் படுத்தான். முதுகுதான் தெரிந்தது.

"மாப்பிள்ளை எங்கடி?" என்றார் மாமியார்.

"அந்தா, பயிர விட்டு ஒதுங்கிப் படுத்தாரே, அவருதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். மானம் தப்பியது. அதற்குப் பிறகு கோட்டை சரிந்தது, கொடி ஏறியது, தியேட்டரே விசிலில் அதிர்ந்தது. என் மனைவி மட்டும் கை தட்டவில்லை. என்ன, கோட்டை பிடிக்கவில்லையா என்று சீண்டினேன்.

"எந்தக் கோட்டை? நான் அந்த மூலையத்தானுங்க பாத்துட்டிருந்தேன். அந்த ஹீரோ பாட்டுக்குத் தாண்டிட்டுப் போறான், நீங்க கடேசி வரைக்கும் எந்திரிக்கவே இல்லியே" என்றாள்.

பாப்கார்னும் கையுமாகப் பக்கத்து சீட்டில்தான் இருந்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடச் சண்டையில் நான் ஜெயித்த நாள் அது. சொல்லிக்காட்ட மனசு வரவில்லை.