சிமெண்டுக்குள் போன பவளக்கல் சுவர்

இதை எழுதலாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன். பெருமையடிக்கிறான் என்று நினைப்பார்களோ என்ற பயமும் இருந்தது. என் மனதை அல்லாஹ் அறிவான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஷார்ஜாவைத் தாண்டி ஒரு கடலோர ஊரில் நானும் மச்சானும் துணிக்கடை வைத்திருந்தோம். கடலில் எடுத்த பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கட்டடம். அதை இடித்து ஃபிளாட் கட்டப் போவதாகக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான அரபி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் நகராட்சி ஓர் அறிவிப்புக் கொடுத்தது. பழைய கட்டடத்தைப் பழைய முறையிலேயே பழுது பார்த்தால் சொந்தக்காரருக்கு நகராட்சிக் கட்டணத்தில் தள்ளுபடி.

"வேலையை நீங்க செய்யுங்க. தள்ளுபடி வந்தா இடிக்க மாட்டேன். வரலைன்னா கலாஸ்" என்றார் அரபி.

கடை போனால் விசா போகும். மனைவி மக்களோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கூரையைச் சரி செய்தோம். நகராட்சி இன்ஜினியர் பார்க்க வருகிறார் என்றதும், ஊரில் விருந்தாளிக்கு வீட்டைப் புதுசாக்குவது போல முன்சுவர் முழுக்க சிமெண்டு பூசி, பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டோம்.

வந்தவர் சூடான்காரர். சுவரைத் தட்டிப் பார்த்து, "பழைய சுவர் எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

"உள்ளேதான் இருக்கு சார். நல்லா மூடிட்டோம்" என்றான் மச்சான் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. "மூடினதுக்குத் தள்ளுபடி கிடையாது. சிமெண்டு போட்டால் உப்பு உள்ளேயே நின்று கல்லை அரிக்கும். எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால், விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்துத் தொழிலாளர் கேம்பிலிருந்து ராமநாதபுரத்துக் கொத்தனார்கள் உளியோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கும் அது லீவு நாள்.

"பொண்ணு பாக்க வர்றாகன்னு கெழவிக்குப் பவுடர் அப்புன மாதிரியில்ல இருக்கு, பாய்" என்றார் ஒருவர்.

"பேசாம கொத்துங்கண்ணே" என்றான் மச்சான்.

கல் மிருதுவானது என்பதால் பையப் பையக் கொத்தினார்கள். சிமெண்டு பெயர்ந்த இடத்தில் சிப்பித் துண்டுகள் வெளிச்சம் கண்டன. பிறகு சுண்ணாம்பு மட்டும் பூசினோம். நான் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு இன்ஜினியருக்குப் போன் செய்தேன்.

அவர் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அரபி, "இடிக்கலை. யல்லா, கடையைத் திற" என்றார். வீட்டில் என் மனைவி பெட்டியில் அடுக்கியிருந்த பிள்ளைகளின் யூனிபாரத்தை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் நடந்தபடியே சொல்லுங்கள். எங்கள் துஆவால், வேண்டுதலால் நடந்தது என்று மட்டும் சொல்லி, லீவு நாளில் வெயிலில் நின்று கொத்தியவர்களை விட்டுவிடாதீர்கள்.