ஆள் இல்லீங்க சார்

பழைய பிரெஞ்சு அறிவியல் கதைகள் மீது எனக்கு ஒரு கிறுக்கு. வடலூர் பழைய புத்தகக் கடையில் தமிழில் ஒரு தொகுப்பு கிடைத்தது. எழுதியவர்கள் பெயர் அட்டையோடு போயிருந்தது. மனிதரல்லாத, ஆனால் அறிவுள்ள, பூச்சி மாதிரி உயிர்கள் அதில் வரும். அறிஞர்கள் அவற்றைச் சுற்றி நின்று, 'இதுகளுக்குப் புத்தி உண்டா?' என்று பக்கம் பக்கமாக வாதிடுவார்கள். நான் எப்போதும் அறிஞர்கள் கட்சி. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் அறிஞன்தானே?

சுரங்கத்தில், நிலக்கரி போகும் பெல்ட்டில் எனக்கு கான்ட்ராக்ட் வேலை. கூட வேலை பார்க்கும் கம்மாபுரத்து அக்காவுக்கு டீ நேரத்தில் கதை சொல்வேன்.

"இவ்ளோ பேசிகினு இருக்கானுங்களே, அதுங்கள ஒரு வார்த்த கேட்டானுங்களா தம்பி?" என்பார்.

"அக்கா, அவங்க படிச்சவங்க. கேக்க மாட்டாங்க."

எங்கள் பக்கம் 'ஆள்' என்றால் பர்மனெண்ட். மற்றவர்கள் வெறும் 'கான்ட்ராக்ட்'. "இன்னிக்கி ஆளு மூணு, கான்ட்ராக்ட் ஒம்போது" என்போம். அந்த ஒன்பதில் இருந்துகொண்டு நானும்தான் சொல்வேன்.

அன்று காலை பெல்ட் நின்றிருந்தது. அக்கா அதன் மேலேறி, சிக்கிய கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். வாக்கி டாக்கி என் கையில். பெல்ட்டை ஓட்டும் கன்ட்ரோல் ரூமிலிருந்து அதிகாரி கேட்டார்: "பெல்ட்ல ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

"ஆள் இல்லீங்க சார். கான்ட்ராக்ட் ஒண்ணுதான்."

"ஓகே."

சைரன் ஊதியது. பெல்ட் நகர்ந்தது. நான் பாய்ந்து ஓரத்து அவசரக் கயிற்றை இழுத்தேன். இரண்டு முழம் போய் நின்றது. கல்லைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்த அக்கா, எழுந்ததும் முதல் வேலையாக என்னை அறைந்தார்.

"பாவி! நான் ஆள் இல்லன்னா யாருடா? ஒன் கதையில வர்ற பூச்சியா? அதுக்காவது புத்தி இருக்கான்னு பேசுனானுங்க!"

கன்னத்தைவிட அந்த 'ஓகே' எரிந்தது. அதைவிட என் நாக்கு.

மதியம் அதிகாரி கூப்பிட்டார். எதற்குக் கயிற்றை இழுத்தாய், எழுதிக் கொடு என்றார். 'பெல்ட்டில் ஆள் இருந்தார்' என்று எழுதினேன்.

"ஆள் இல்லன்னு நீதானய்யா சொன்ன? கான்ட்ராக்ட்னு மாத்து. இல்லன்னா நாளைக்கு கேட் பாஸ் கெடையாது."

பேனாவை எடுத்தேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்தார். 'ஆள்' என்ற சொல்லின் மேலேயே 'ஆள்' என்று திரும்பத் திரும்ப எழுதினேன். அழுத்தியதில் தாள் கிழிந்தது.

"சார், இன்னொரு பேப்பர் குடுங்க" என்றேன்.