சாப்பிட்டாப் பிறகு சொல்லுங்கோ

எங்கள் ஆட்கள் ஒருவனை வெறும் வயிற்றோடு சாவுச் செய்தி கேட்கவிடமாட்டார்கள். கேட்டுவிட்டால் அவன் சாப்பிடமாட்டான். பிரேதம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பும் எரியாது. ஆகவே முதலில் சாப்பிடட்டும், பிறகு சொல்லுவோம். லண்டனுக்கு வந்த இந்த முப்பது வருடமும் இப்படித்தான். நேரங்கெட்ட நேரத்தில் ஃபோன் அடித்து, மறுமுனையில் ஒரு குரல் "சாப்பிட்டிட்டீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டால் நான் கதிரையை இழுத்து உட்கார்ந்துவிடுவேன். யார் என்பது மட்டும்தான் மிச்சம்.

நல்ல பழக்கம். அன்பான பழக்கம். அதைக் கடைப்பிடிக்கப் போய்த்தான் நான் என் நண்பனை இழந்தேன்.

அவனை முதலில் கண்டது குரோய்டனில், அகதி விண்ணப்பக்காரர் நிற்கும் வரிசையில். விடியவில்லை. குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. முன்னால் நின்றவன் திரும்பி, "அண்ணை, என்ரை இடத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ, ஒண்டுக்குப் போட்டு வாறன். வராட்டி என்ரை கேஸையும் சேத்து நீங்களே சொல்லிவிடுங்கோ, எல்லாற்றை கதையும் ஒண்டுதானே" என்றான். இரண்டு கிழமையில் அண்ணை மச்சான் ஆகிவிட்டது. எனக்கு இல்ஃபோர்ட்டில் ஒரு அறை கிடைத்தது, அவனுக்கு ஹவுன்ஸ்லோவில். அவன் விமான நிலையத்தில் பொதி இறக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போனான், இன்னும் அங்கேதான்.

அந்தக் கொட்டகைக்கு இலையுதிர்காலம் முடிய மரப்பெட்டிகள் வரும். அமெரிக்காவில் வேட்டையாடிவிட்டு வருகிறவர்களின் கொம்புகள். ஒருமுறை ஒரு பெட்டி உடைந்து ஒரு கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். "மச்சான், என்ரை உயரம். இதைத் தலையிலை வைச்சுக்கொண்டு ஒரு மிருகம் நடந்து திரிஞ்சிருக்கு. நான் லோடர். எனக்கல்லோ தெரியும் பாரம் எண்டா என்னெண்டு." எல்க் என்று அதற்குப் பெயர். மான் சாதிதான், எங்கள் வன்னிக்காட்டு மரைக்குப் பெரியண்ணன். அதை உயிரோடு பார்க்கவேண்டும் என்ற நினைப்பு அவனுக்குள் விழுந்தது. பிறகு லைசென்ஸ் எடுத்தான், கென்ட் பக்கத்துக் காடுகளில் மான் சுடப் பழகினான், என்னையும் இழுத்துக்கொண்டு திரிந்தான். அமெரிக்காவில் எல்க் சுட வெளியாருக்கு அனுமதி குலுக்கல் முறையில்தான். ஒவ்வொரு வருடமும் போட்டான். ஐந்தாம் வருடம் விழுந்தது.

விழுந்த வருடம் அவன் லீவைச் சேர்த்து வைத்திருந்தது அம்மாவைப் பார்க்கப் போக. யாழ்ப்பாணத்தில் மகளோடு இருந்தா, எண்பது தாண்டிவிட்டது. இவன் ஒரே மகன். என் சமையலறை மேசையில் இருந்து, தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி, "என்ன செய்வம்?" என்று கேட்டான்.

நான்தான் சொன்னேன். "அம்மா எங்கை போகப்போறா? தைக்குப் போ. இதை விட்டா இன்னும் எத்தினை வருசமோ."

அம்மா எங்கை போகப்போறா. இந்த வாயால்தான்.

வயோமிங் என்ற அந்த மாநிலத்தில், ஒக்டோபரில், காரை நிறுத்தி இறங்கியதும் முதலில் வந்தது மணம். கண்ணெட்டும் தூரம்வரை சேஜ் என்ற செடி. முழங்காலளவு, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம், கசக்கினால் மரிக்கொழுந்தை வெயிலில் காயப்போட்ட வாசம். மரம் இல்லை, வேலி இல்லை, ஆள் இல்லை. அவ்வளவு வானத்தையும் வைக்க இடமில்லாமல் யாரோ நிலத்தில் இறக்கி வைத்தது போல. லண்டனில் பெட்டிக்குள் பெட்டியாக வாழ்ந்த எனக்கு மூச்சு முட்டியது. அவனோ கையிரண்டையும் அகட்டி நின்றான். அதைப் பார்க்கத்தான் நான் வந்திருக்கிறேன் என்று அப்போது பட்டது.

எங்களைக் கூட்டிப்போனவள் அறுபது வயதுப் பண்ணைக்காரி. அவளுடைய கொட்டிலில்தான் தங்கினோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் ஒரு அடியும் வைக்கவேண்டாம், உங்கள் மணம் போனால் மிருகமும் போகும் என்று சொல்லி, பொடி நிரப்பிய ஒரு சின்னப் போத்தலைத் தந்தாள். அவன் அதை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து திருநீற்று டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகையைக் காற்றில் விட்டான். அம்மா கோயிலிலிருந்து வாங்கித் தபாலில் அனுப்பியது. சாம்பல் மெல்ல எழும்பி எங்கள் பின்பக்கமாகப் போனது.

அதென்ன பொடி என்று அவள் கேட்டாள். மாட்டுச் சாணத்தைச் சுட்டது என்றான். என்னிடம் நானூறு மாடு நிற்கிறது, முதலே சொல்லியிருந்தால் போத்தலுக்குக் காசு கொடுத்திருக்கமாட்டேனே என்று அவள் சிரித்தாள்.

என்னிடம் சின்ன மானுக்கான அனுமதி இருந்தது. இரண்டாம் நாள் ஒன்று வந்து நின்றது, கழுதைக் காதோடு, என்னையே பார்த்தபடி. நான் சுடவில்லை. அது ஆறுதலாகத் திரும்பிப் போனது. அன்று முழுக்க அவன் என்னை விடவில்லை. "கவிதை எழுதிற ஆக்களைக் கூட்டிவந்தா இதுதான். மான் பாத்துக்கொண்டு நிக்குது, இவர் அதிட்டைப் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

மூன்றாம் நாள்.

அந்த இடத்தில் ஃபோன் வேலை செய்வது மேட்டின்மேல், மாடு மறிக்கும் ஒரு படலையடியில் மட்டும். அவன் தன் ஃபோனை வந்த அன்றே நிறுத்திப் பையின் அடியில் போட்டுவிட்டான். "திறந்தா ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கேப்பாங்கள்." காலை ஆறு மணிக்கு, வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்ப நான் அந்தப் படலையடிக்கு ஏறினேன். கையில் எடுத்ததும் அடித்தது. அவனுடைய மனைவி.

"அண்ணை, நீங்கள் தனியவோ நிக்கிறியள்?"

"ஓம்."

"மாமி மோசம் போயிட்டா. இப்ப ஒரு மணித்தியாலம்தான். இருந்த இருப்பிலையாம்." அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தி, "இவருக்கு உடனை சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. முதல்லை ஏதும் சாப்பிடட்டும். சாப்பிட்டாப் பிறகு சொல்லுங்கோ. நாளைக்குக் காலமை பத்து மணிக்குக் கிரியை எண்டு கதைக்கினம். லைவ் போடுவினம்."

"நான் சொல்லுறன்" என்றேன்.

இறங்கி வந்தேன். அவன் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பண்ணைக்காரி முட்டை பொரித்து வைத்திருந்தாள்.

"சாப்பிடன்" என்றேன்.

"இண்டைக்கு இல்லை மச்சான். இண்டைக்குக் கிடைக்கும் எண்டு மனம் சொல்லுது. கோயிலுக்குப் போறமாதிரி வெறும் வயித்தோடை போகவேணும். சுட்டாப் பிறகுதான் சாப்பாடு."

அந்த முட்டை ஆறிக்கொண்டிருந்ததை இப்போதும் பார்க்கிறேன். மஞ்சள் கரு மங்கி, ஓரம் சுருங்கி. அங்கே சொல்லியிருக்கவேண்டும்.

மலைச்சரிவு முழுக்க அவன் எனக்கு முன்னால் நடந்தான். நூறு அடிக்கு ஒருமுறை நின்று அம்மாவின் திருநீற்றை விரல் நுனியில் எடுத்துக் காற்றில் விட்டான். நான் அந்தச் சாம்பலுக்குள் நடந்தேன். பதினொரு மணிக்கு, ஒரு மடிப்புக்கு அப்பால் அது நின்றது. கொம்பைப் பின்னால் சாய்த்து ஒரு முறை கூவியது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து ஒரு விசில் சத்தம், புல்லாங்குழல் உடைந்தது போல. அவன் படுத்தான், நெடுநேரம் மூச்சைக் கட்டினான், ஒரே வெடி.

கிட்டப் போனதும் அவன் துவக்கைக் கீழே வைத்தான். மண்டியிட்டு அதன் கழுத்தில் கையை வைத்தான். பிறகு அதன் நெற்றியில் திருநீறு பூசினான். பின்னேரம்வரை மூன்று பேரும் வெட்டித் துண்டமாக்கி முதுகில் சுமந்து இறக்கினோம். முழங்கைவரை இரத்தம். தாய் செத்துக் கிடக்கிற ஒருவன் செய்யக்கூடாத எல்லாவற்றையும் அன்று அவன் செய்தான். தெரிந்துகொண்டு நான் கூடச் சுமந்தேன்.

பின்னேரம் அவன் சமைத்தான். எல்க்கின் ஈரலும் இதயமும், வெங்காயமும், ஹவுன்ஸ்லோவிலிருந்து கொண்டுவந்த கறித்தூளும். பண்ணைக்காரி கண்ணால் தண்ணீர் ஓட, இன்னும் போடு என்று கோப்பையை நீட்டினாள். அவன் சாப்பிட்டான். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டான்.

சாப்பிட்டாயிற்று.

"மச்சான்," என்றான், "அம்மாக்கு மரை இறைச்சி வத்தல் எண்டா உயிர். வன்னியாலை ஆரும் வந்தாப் பையைத்தான் முதல்லை பாப்பா. நாளைக்கு ஃபோன் எடுத்துச் சொல்லவேணும், உன்ரை மோன் ஒரு மரையைச் சுட்டவன், அது நீ இருக்கிற அறைக்குள்ளை கொள்ளாது எண்டு." சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "இந்த முப்பது வருசத்திலை இண்டைக்குத்தான் ஒரு நாள் முழுக்க நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்லை."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு துண்டு இறைச்சியை வைத்து மூடினேன்.

கணக்குப் பார்த்தேன். நாளை காலை பத்து மணி. யாழ்ப்பாணம் நாலரை மணித்தியாலம் முன்னால். ஆகவே இங்கே காலை ஐந்தரை. படலையடியில் பேச்சுத்தான் கேட்கும், படம் ஓடாது; டவுனுக்கு ஒன்றரை மணி ஓட்டம். மூன்றரைக்கு எழுப்பிச் சொல்லிக் கூட்டிப்போனால் ஐந்து மணிக்கு ஃபோனில் லைவ் ஓடும், கிரியை தொடங்க முதல் முகத்தைப் பார்ப்பான். அதுவரை இந்த ஒரு இரவு நித்திரை கொள்ளட்டும். அன்று பின்னேரம் நான் திரும்ப அந்தப் படலையடிக்குப் போகவில்லை. போனால் அவனுடைய மனைவி கேட்பாள்.

மூன்றரைக்கு அவனை எழுப்பி, எங்கள் காரை எடுத்து, டவுனுக்குப் போவோம் வா என்று கூட்டிப்போய், ஓடிக்கொண்டே சொன்னேன். முன்விளக்கில் சேஜ் செடிகள் வெள்ளையாக வந்து வந்து போயின.

"எப்ப உனக்குத் தெரியும்?"

"நேற்றுக் காலமை. ஆறு மணி." அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன், "கிரியை பத்து மணிக்குத்தானாம். இஞ்சை ஐஞ்சரை. பிடிச்சிடலாம்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உலகத்து விமானங்களின் நேரங்களோடு வாழ்கிறவன்.

"பதினொண்டரை மணித்தியாலம், மச்சான்," என்றான். கோபம் இல்லை, ஒரு பெட்டியின் எடையைச் சொல்வது போல. "நாலரை லண்டனிலையிருந்து. இஞ்சையிருந்து பதினொண்டரை. நேற்றிரவு எடுத்திட்டினம்."

கைக்கடிகாரத்தை மாற்றியிருந்தேன். தலைக்குள் லண்டன்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. டவுன் எல்லையில், பெட்ரோல் நிலையத்தில், என் ஃபோன் உயிர் பெற்று மடியில் துடிக்கத் தொடங்கியது. அவனுடைய மனைவியின் செய்திகள், ஒன்றன்மேல் ஒன்று. சொல்லிட்டீங்களோ அண்ணை. அவர் வாறாரோ எண்டு மச்சாள் கேக்கிறா. வாறதெண்டா மூண்டு நாள் வைச்சிருப்பினமாம், ஒரே மகன்தானே. அண்ணை, எடுங்கோ. அண்ணை, ஐயர் வந்திட்டார்.

அவன் என் கையிலிருந்து ஃபோனை எடுத்து எல்லாவற்றையும் வாசித்தான். திருப்பித் தந்தான். இறங்கிப் போய், வண்டி கழுவும் குழாயைத் திறந்து, உறைபனியில், தலையில் பிடித்தான். நான் துவாயோடு நின்றேன். நகக்கண்ணில் இருந்த இரத்தம் மட்டும் போகவில்லை. உரஞ்சி உரஞ்சிப் பார்த்தான்.

கொம்பைப் பண்ணைக்காரியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

முப்பத்தோராம் நாள் ஹவுன்ஸ்லோவில் சாப்பாடு. போனேன். எனக்கும் வாழையிலை போட்டான், பருப்பும் அவனே ஊற்றினான். புறப்படும்போது வாசலுக்கு வந்து, "அந்த வீடியோ இருக்கு. செத்தவீடு முழுக்க," என்றான். "என்னாலை பாக்க ஏலாது. நீ பார். பாத்திட்டு வந்து சொல்லு."

அது தண்டனையா, இல்லை இன்னமும் என்னை நம்பினானா என்று எனக்குத் தெரியாது.

இல்ஃபோர்ட்டில், அதே சமையலறை மேசையில் பார்த்தேன். மூன்று மணி நேரம். கிரியை நடந்தது, சுண்ணம் இடித்தார்கள், ஒரு சேவலும் ஓயாமல் கூவியது. பிறகு ஐயர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்: "மகன் லைனிலை வந்திட்டாரோ?" இன்னும் இல்லை என்கிறது ஒரு பெண்குரல். அவனுடைய அக்கா. "கொஞ்சம் பொறுப்பம். அவன் எடுப்பான்." ஒரு ஃபோனை எடுத்துவந்து, தலையணையில், அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் வைக்கிறா. எல்லாரும் அந்த ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பறை நின்றுவிட்டது. ஈயை விசிறுகிற கை மட்டும் அசைகிறது. முப்பத்தைந்து நிமிடம். பிறகு யாரோ ஒருவர், வெயில் ஏறுது, என்கிறார். அக்காவின் மகன் கொள்ளிச்சட்டியைத் தூக்குகிறான்.

அந்த முப்பத்தைந்து நிமிடமும் நாங்கள் நித்திரை. அவன் லேசாகக் குறட்டை விட்டது எனக்கு ஞாபகம்.

இதைச் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தேன். எல்லாம் வடிவாக நடந்தது என்று சொன்னால் போதும். ஒரு சனிக்கிழமை, எலிசபெத் லைன் ரயிலில், பிறகு பஸ்ஸில், வழி முழுக்க அந்த வசனத்தைப் பழகிக்கொண்டே போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். உள்ளே சோறு வேகும் மணம்.

"வா, முதல்லை சாப்பிடுவம்" என்றான்.

"இல்லை," என்றேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். ஐயர் கேட்டது, அக்கா சொன்னது, ஃபோனை எங்கே வைத்தார்கள் என்பது.

"எவ்வளவு நேரம்?"

"முப்பத்தைஞ்சு நிமிசம்."

தலையை ஆட்டினான். மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தான், அங்கே எல்லாரும் அப்படித்தான்.

"உள்ளுக்கை வா எண்டு சொல்ல எனக்கு ஏலாமல் கிடக்கு, மச்சான்."

"தெரியும்" என்றேன்.

குசினிக்குள்ளிருந்து அவனுடைய மனைவி, "ஆர், அண்ணையோ? சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லுங்கோ!" என்று கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம். அவன் கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.

இரண்டு வருடம். அவன் என்னை அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. இங்கே கடையில் மரிக்கொழுந்து வந்தால் நான் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போகிறேன். நேரங்கெட்ட நேரத்தில் ஃபோன் அடித்தால் மட்டும் ஓடிப்போய் எடுக்கிறேன். யாராவது செத்திருந்தாலும் பரவாயில்லை, அவன் குரல் ஒருமுறை "சாப்பிட்டியோடா?" என்று கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டு, வெட்கத்தோடு, யார் என்று கேட்கிறேன்.