வெந்நீர்க் குழாய்

போன மார்கழியில் ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டுக் குளியலறையில் கீசருக்குச் செம்புக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தேன். அவர் மனைவி பத்து நாளாக வேலூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"நாளைக்கு வந்துடுவா. இனிமே அவ அடுப்புலேர்ந்து வெந்நீர் தூக்கக் கூடாதுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசி இணைப்பில் ஈயம் பிடிக்கவில்லை. குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. ஈரம் இருந்தால் எவ்வளவு சூடு காட்டினாலும் ஈயம் ஒட்டாது. துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. கேட்டவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போயிட்டாளாம்" என்றார்.

சாமான்களைப் பைக்குள் எடுத்துவைக்கத் தொடங்கினேன்.

"நிறுத்தாதீங்க. வீட்டுக்குக் கொண்டாந்ததும் குளிப்பாட்டணும். அவளுக்குப் பச்சைத்தண்ணி ஒத்துக்காது" என்றார்.

மறுபடி நெருப்பைப் பற்றவைத்தேன். ஈயம் இந்த முறை உருகி, இணைப்பைச் சுற்றி ஓடிப் பிடித்துக்கொண்டது. கீசரைப் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திறந்தேன். வெந்நீர் வந்தது. வெளியே போய் அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வெகுநேரம் உள்ளேயே நின்றேன்.